கலெக்டரம்மாவும் சிமென்ட் தரையும்

பணி ஓய்வு பெற்று மதுரைக்கு வெளியே வீடு கட்டிக் குடிவந்ததும் கொல்லையில் கம்பிவலை அடித்து, ஒரு சேவலும் சில பெட்டைகளும் வாங்கி விட்டேன். முதல் முட்டை விழுந்த வாரமே தெருவுக்கெல்லாம் கோழி ஆலோசகன் ஆகிவிட்டேன். யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை. அதனால் எங்கள் பொறிக்கோழியின் முதுகு வழுக்கையாகத் தொடங்கியபோது, அதற்கும் என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது.

"இறகு உதிர்க்கிற பருவம். தானா முளைச்சிடும்" என்றேன் மனைவியிடம்.

இறகு உதிர்க்கிற கோழிக்குத் தலையிலும் கழுத்திலும் முதலில் கொட்டும். பிறகுதான் முதுகுக்கும் வாலுக்கும் இறங்கும். கொட்டில் முழுக்க இறகு பறக்கும். பொறிக்கோழியின் கழுத்து பளபளவென்று இருந்தது. வால் அடியும் இடுப்பும் மட்டும்தான் மொட்டை. தரையிலோ ஓர் இறகு கிடையாது. தரை எவ்வளவு சுத்தம் பார் என்று நான் என் பராமரிப்பை மெச்சிக்கொண்டேனே தவிர, உதிர்ந்த இறகு எங்கே போயிற்று என்று கேட்கவில்லை.

கேட்டவள் மனைவிதான். "ஏங்க, இங்க வந்து பாருங்க. தின்னுது" என்றாள் ஒருநாள்.

தின்றுகொண்டிருந்தது செவலைப் பெட்டை. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் இறங்கி, தண்ணீர்த் தட்டு, தீனித் தட்டு, மூலை முடுக்கு எல்லாவற்றையும் பார்வையிட்ட பிறகே வாய் வைப்பதால் எங்கள் வீட்டில் அதற்குக் கலெக்டரம்மா என்று பெயர். கலெக்டரம்மா பொறிக்கோழியின் பின்னால் நின்றிருந்தார். கழுத்துச் சிலிர்க்கவில்லை; கோபத்தின் அடையாளமே இல்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, வாலோரம் ஓர் இறகைத் தேர்ந்தெடுத்து, வெடுக்கென்று இழுத்தார். பொறி ஒரு சத்தம் போட்டுவிட்டு இரண்டடி நகர்ந்தது. இவர் இறகை அலகிலேயே திருப்பித் திருப்பி, தண்டுப் பக்கம் உள்ளே போகும்படி சரிசெய்து, கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கினார். கடைசியாக நுனி மட்டும் அலகோரம் கொஞ்சநேரம் ஆடிக்கொண்டிருந்து, அதுவும் போயிற்று. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ மனு கொண்டுவந்திருப்பதுபோல.

ரவுடித்தனம் என்று தீர்ப்பு எழுதினேன். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு, நார்வேக்காரர் ஷெல்டெருப் எப்பே அதை 1920-களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டார் என்று மனைவிக்கு ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். சொன்னது சரி, சம்பந்தம்தான் இல்லை. அந்தஸ்துச் சண்டையில் கொத்து விழுவது தலையிலும் கொண்டையிலும். பின்னால் நின்று சத்தமில்லாமல் வாலிலும் முதுகிலும் இறகைப் பிடுங்குவது வேறு விவகாரம். அதில் கோபமும் இல்லை, பதவி ஆசையும் இல்லை. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியவந்தபோது கலெக்டரம்மாவை நான் குச்சியால் பலமுறை மிரட்டி முடித்திருந்தேன். மிரண்டதெல்லாம் பொறிக்கோழிதான்.

அடுத்தது இரக்கம். பொறியின் முதுகில் ஒரு துளி ரத்தத்தைக் கண்டதும் அதைத் தூக்கிப்போய் வீட்டின் மறுபக்கத்தில் தனியாக அடைத்தேன். ரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகளும் வந்து கொத்தும், அந்தக் காயத்திலேயே கோழி செத்தும் போகும். ஆகவே பிரித்தது தப்பில்லை. ஆனால் மற்றவை கண்ணிலேயே படாமல் வைத்திருந்து, காயம் ஆறியதும் பட்டப்பகலில் கொண்டுபோய் நடுவில் இறக்கிவிட்டேன். கோழிக்கூட்டத்தில் சில நாள் காணாமல் போனவள் திரும்பி வந்தால் அவள் புதியவள். முன்பு வாலில் கொத்து வாங்கியவள் இப்போது தலையிலும் வாங்கினாள். என் உபகாரத்தால் அவளுக்குக் கிடைத்த கூடுதல் வருமானம் அதுதான்.

பிறகு தையல். முதுகை மூட ஒரு சட்டை தைத்தால் என்ன? என் பழைய வேட்டியில் ஒரு துண்டு வெட்டி, இறக்கைக்கு இரண்டு பட்டி வைத்துத் தைத்தேன். வெளிநாடுகளில் கோழி வளர்ப்பவர்கள் உண்மையிலேயே இப்படி ஒரு முதுகுத்துணி போடுகிறார்கள், பயனும் உண்டு. அவர்கள் தைத்தது கோழிக்குப் பொருந்துகிறது. நான் தைத்ததைப் போட்டதும் பொறிக்கோழி பின்பக்கமாகவே நடந்தது. நடந்து நடந்து மூலைக்குப் போய் முட்டி நின்றது. சுற்றிலும் கூடிய கோழிகள் தொங்கிய நூலை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. கொத்துவதற்கு அதுவரை இறகுதான் இருந்தது. நான் நூலும் சேர்த்துக் கொடுத்தேன்.

கோழிக்குக் கண்ணாடி என்று ஒன்று இருந்ததையும் படித்தேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஆண்ட்ரூ ஜாக்சன் என்பவர் 1903-ல் கோழிகளின் கண்ணைக் காக்க ஒரு கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். பின்னால் சிவப்புக் கண்ணாடிகளும் வந்தன. எல்லாமே சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் தனியாகத் தெரியாது என்பது கணக்கு. நான் அளவு எடுக்கத் தொடங்கியதைப் பார்த்த மனைவி, "முதல்ல உங்க கண்ணாடியத் தொடைங்க" என்றாள்.

நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருக்கும் நண்பர் சுலபமான வழி சொன்னார்: மூக்கை வெட்டிவிடு. பெரிய முட்டைப் பண்ணைகளில் சூடேறிய தகட்டால் அலகு நுனியைத் தீய்த்து வெட்டுவது வழக்கம். அந்த நுனியில் நரம்பு ஓடுகிறது. கோழிக்கு அதுதான் கை, விரல் எல்லாம். வெட்டினால் வலி, அது நெடுநாள் நீடிக்கவும் கூடும். நார்வே இதை 1974-லேயே தடை செய்தது. நான் மறுத்துவிட்டேன். கருணையால் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில், கலெக்டரம்மாவைப் பிடித்துக்கொள்ள வேண்டியது நான் என்று நண்பர் சொன்னதும்தான் கருணை பிறந்தது.

இந்த நேரத்தில்தான் மேலூர்ப் பக்கமிருந்து என் அத்தை, மனைவியின் தாயார், வந்து இறங்கினார். கொல்லைக்குப் போய் நின்றவர் கோழியைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, சிமிட்டி போட்டு வச்சிருக்கீக?"

"கழுவ வசதியா இருக்கும்னு, அத்தை."

"அது சரி. கெளர்றதுக்கு எங்க போகும்?"

என் எல்லா ஆராய்ச்சியும் அந்தக் கேள்விக்குள் அடக்கம். நம் வீட்டுக் கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழிகளைக் கவனித்து மரியான் டாக்கின்ஸ் 1989-ல் வெளியிட்ட கட்டுரையில், பகலில் பார்த்த நிமிடங்களில் சுமார் 60 சதவீதத்தில் அவை தரையைக் கொத்திக்கொண்டிருந்தன என்கிறார். தீனி வேளாவேளைக்குக் கிடைத்தும் அப்படித்தான். தரையைக் கொத்த வழியில்லாத கோழியின் அலகு அடுத்த கோழியின் இறகுக்குத் திரும்புகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர் பிளோக்ஹாயிஸ் 1986-லேயே எழுதிவிட்டார். நானோ கிளறவே முடியாத தரையைப் போட்டு, அதைத் தினமும் கழுவி வேறு விட்டேன்.

தீனியிலும் என் கைங்கரியம் இருந்தது. சிந்தாது, வீணாகாது என்று குருணைத் தீவனம் வாங்கிப் போட்டேன். தூள் தீவனத்தைப் பொறுக்கித் தின்ன வெகுநேரம் ஆகும். குருணையைச் சட்டென்று முடித்துவிட்டு மிச்ச நாளெல்லாம் சும்மா நிற்கலாம். அதோடு, செலவைக் குறைக்கக் கடலைப் புண்ணாக்கைக் கலந்தேன். இறகில் ஏறத்தாழ 90 சதவீதம் புரதம். அதை வளர்க்கக் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் வேண்டும். மெத்தியோனின் அதில் முக்கியமானது. கடலைப் புண்ணாக்கில் அது குறைவு, எள்ளுப் புண்ணாக்கில் நிறைய. தீனியில் புரதமோ உப்போ குறைந்தாலும் கோழி இறகைத் தேடும். ஆக, வேலையும் கொடுக்கவில்லை, சாப்பாடும் சரியில்லை. இந்த நிர்வாகத்தில் கலெக்டரம்மா நேரடி நடவடிக்கையில் இறங்கியதில் என்ன ஆச்சரியம்?

அத்தை முதலில் தண்டனையை மாற்றினார். "குத்துனவள விட்டுட்டு குத்து வாங்குனவளையா அடைப்பீக?" கலெக்டரம்மா பஞ்சாரத்துக்குள் போனார். சில நாள் ஒதுங்கியிருந்துவிட்டு வந்தால் அவருக்கும் பழைய செல்வாக்கு குறைந்துவிடும். பொறியைக் கூட்டிலேயே வலைக்கு அந்தப் பக்கம் விட்டார். பக்கத்தில்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளும், அலகு மட்டும் எட்டாது.

பிறகு ஆள் வைத்துப் பாதி சிமென்டை உடைத்தோம். மண்மேல் வைக்கோலைப் பரப்பி அதற்குள் கம்பைத் தூவினார் அத்தை. ஒரு மணிக்காகக் கோழி காலால் வாரிவிட்டுப் பின்னே நகர்ந்து, குனிந்து பார்த்து, மறுபடி வாரும். கீரைக்கட்டைத் தட்டில் போடாமல் தலைக்குச் சற்று மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். ஓரத்தில் குழி தோண்டி மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டார், பேனுக்கு ஆகாது என்று. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்துவைத்தார். காலையில் பானை நிறையக் கரையான். அதைக் கொட்டினால் கலெக்டரம்மா உட்பட யாருக்கும் அடுத்தவர் வாலைப் பார்க்க நேரமில்லை. கருவாட்டுத் தலையைப் பலமுறை கழுவித்தான் போட்டார். உப்பு மிஞ்சினாலும் கோழிக்கு ஆகாது.

பொறிக்கோழிக்கு முதுகில் முள் முளைப்பதுபோல் புது இறகு வந்தது. வேரோடு பிடுங்கியது சில வாரத்தில் முளைத்துவிடும். பாதியில் ஒடிந்தது அடுத்த உதிர்ப்பு வரை அப்படியேதான் நிற்கும். முளைக்கும் தண்டில் ரத்தம் ஓடுவதால் அதுதான் மற்றக் கோழிகளுக்கு ரொம்பப் பிடித்ததும். கலெக்டரம்மா முழுதாகத் திருந்தவில்லை. பழகிய பழக்கம் முழுக்கப் போவது அரிது. மற்றவையும் பார்த்துப் பழகிக்கொள்ளும். மதியத்துக்குமேல் அவர் யார் வாலையாவது உற்றுப் பார்த்தால், அன்றைக்குக் கம்பு தூவ மறந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் தேறவில்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் 1980-களில் தொடங்கி அலகு வெட்டாத கோழிகளைக் கூண்டுகூண்டாக வைத்துச் சோதித்தார். அதிகம் முட்டையிடும் கோழியைத் தேடாமல், எந்தக் கூண்டு மொத்தமாக நன்றாக இருக்கிறதோ அந்தக் கூண்டையே அடுத்த தலைமுறைக்கு எடுத்தார். சில தலைமுறைகளில் ஒன்றையொன்று கொத்திச் சாவது வெகுவாகக் குறைந்தது, முட்டையும் கூடியது. தனியாளாக முதல் மார்க் வாங்குகிறவள் மற்றவர்களைக் கொத்தியே அந்த இடத்துக்கு வந்திருக்கலாம். எங்கள் வீட்டில் முதல் மார்க் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் பொறிக்கோழி அடைக்கு உட்கார்ந்தது. சாதுவான பெட்டைகளின் முட்டையாகப் பார்த்து அத்தை எடுத்துவைத்தார். நானும் மியூரை மேற்கோள் காட்டித் தலையாட்டினேன். ராத்திரி டார்ச்சோடு போய்க் கலெக்டரம்மாவின் முட்டை ஒன்றை நடுவில் சொருகிவிட்டு வந்தேன். அவ்வளவு பெரிய முட்டை; ஆம்லெட்டாக்க மனசு வரவில்லை.