பேஸ் கடைமடைக்கு வரவில்லை: ஆடியோ அவுட்புட் பட்டியல் அலுவலர்களுக்கு ஒரு மனு

பெறுநர்: டிவி, செட்டாப் பாக்ஸ், டிஸ்க் பிளேயர் ஆகியவற்றுக்குள் ‘ஆடியோ அவுட்புட்’ என்ற பட்டியலை எழுதிவைக்கும் உயர் அலுவலர்கள். (முகவரி எந்தக் கையேட்டிலும் அச்சாகவில்லை.)

பொருள்: பிசிஎம் என்று வைத்தால் ஒரு பேஸ், பிட்ஸ்ட்ரீம் என்று வைத்தால் வேறு பேஸ் வருவது – காரணங்களை விளக்கி நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் பட்டியலில் வழக்கமாக மூன்று சொற்கள் இருக்கும்: பிசிஎம், பிட்ஸ்ட்ரீம், ஆட்டோ. மூன்றில் எதற்கும் திரையில் ஒரு வரி விளக்கம் கிடையாது. இந்தச் சிக்கனத்தின் பலனை டெல்டா மாவட்டங்களில் கண்கூடாகப் பார்க்கலாம். குறுவை அறுவடைக் காசில் தீபாவளிக்கு முன்பு வாங்கிய ஹோம் தியேட்டர் முதல் வாரம் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கிறது. ரிமோட் ஒரு பேரப்பிள்ளையின் கைக்குப் போய்த் திரும்பிய மறுவாரம் அதே படம், அதே வால்யூம்; வெடிச்சத்தத்தில் சத்தம் இருக்கிறது, வெடி இல்லை. பழி முதலில் ஊஃபர் மேல் விழும், அடுத்து லோ வோல்டேஜ் மேல், கடைசியில் விற்ற கடைக்காரர் மேல். மெக்கானிக் வந்து பெட்டியின் திருகுகளைக் கழற்றி, கோனை இரண்டு விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்து, “ஊஃபர் நல்லாத்தாங்க இருக்கு” என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போவார். அவர் சொன்னது உண்மை. கோளாறு இருப்பது பட்டியலில்.

படத்தின் ஒலி டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் போன்ற முறைகளில் சுருக்கப்பட்டு வருகிறது. அதைப் பிரிக்காமல் அப்படியே ஹோம் தியேட்டரின் ரிசீவருக்கு அனுப்பினால் பிட்ஸ்ட்ரீம். பிரிக்கும் வேலை ரிசீவருடையது. பிளேயரோ டிவியோ தானே பிரித்து, சுருக்கம் நீங்கிய ஒலியாக அனுப்பினால் பிசிஎம். எதிர்முனைக் கருவியிடம் என்னென்ன ஏற்பாய் என்று விசாரித்து, தானே ஒரு முடிவெடுத்து, அந்த முடிவை வீட்டுக்காரருக்குத் தெரிவிக்காமல் விடுவது ஆட்டோ. இந்த மூன்றாவது நடைமுறை அரசு அலுவலகத்தில் மனு கொடுத்த எவருக்கும் பழக்கமானதே.

ஆக, பிசிஎம் உயர்ந்ததா பிட்ஸ்ட்ரீம் உயர்ந்ததா என்ற கேள்வியே பொருத்தமற்றது. ஒலியை எந்தக் கருவி பிரிக்கிறது என்பதில்தான் வேறுபாடு. பிரிப்பு ஒழுங்காக நடந்தால் இரண்டிலும் ஒரே பேஸ் வர வேண்டும். வரவில்லை என்றால், பிரித்த கருவி எதையோ விட்டிருக்கிறது, அல்லது வாங்கிய கருவி சேர்க்க வேண்டியதைச் சேர்க்கவில்லை. அறையின் அளவு, சப் ஊஃபர் வைத்த மூலை, முற்றத்தின் பக்கம் திறந்திருக்கும் கதவு ஆகியவை பேஸைப் பெரிதும் பாதிப்பவைதாம். ஆனால் ரிமோட்டில் ஒரு சொல்லை மாற்றியதும் முற்றம் இடம் பெயர்வதில்லை என்பதால், இவற்றை விசாரணையிலிருந்து விடுவிக்கலாம்.

முதல் சந்தேகம் கேபிள் மேல். 5.1 என்பதில் புள்ளிக்குப் பின்னால் வரும் ஒன்று, எல்எஃப்இ எனப்படும் ஆறாவது சேனல். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமல், வெடி, இடி இவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்ட தடம் அது. 1983-இல் தோஷிபா கொண்டுவந்த ஆப்டிகல் கேபிள் சுருக்கப்பட்ட 5.1 ஒலியைச் சுமக்கும். பிசிஎம் என்றால் இரண்டு சேனலை மட்டுமே சுமக்கும். எனவே ஆப்டிகல் கேபிளை மாட்டிவிட்டு பிசிஎம் என்று வைத்தால், ஆறு சேனலையும் இரண்டாக மடிக்கிற வேலை பிளேயருக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அப்படி மடிக்கும்போது நடுச் சேனலும் சரவுண்டும் இடது, வலது சேனல்களில் கலக்கப்படும். எல்எஃப்இ கலக்கப்படுவதில்லை; ஒலியைப் பிரிக்கும் டிகோடர்களில் பெரும்பாலானவை அதை அப்படியே விட்டுவிடுகின்றன.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. எந்த மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. ஜூன் 12-இல் மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேரவில்லை என்றால், வேதாரண்யத்துக் கடைமடை விவசாயி எந்த மதகில் நின்றது என்று கேட்டு மறியலாவது செய்யலாம். ஆறாவது சேனலின் மதகை அடைத்தது யார் என்று கேட்கப் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை.

இந்த அடைப்புக்கு ஒரு நியாயமும் உண்டு. 2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல டிவியின் ஸ்பீக்கருக்குள் எல்எஃப்இ-யை ஊட்டினால் அது கரகரத்துப் போகும், விட்டுவிடுவது கருணை. பக்கத்தில் சப் ஊஃபர் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கும் அதே கருணையைக் காட்டுவதுதான் முறையீட்டுக்கு உரியது.

ஹெச்டிஎம்ஐ கேபிளில் இந்த இரண்டு சேனல் தடை இல்லை. 2002-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே எட்டு சேனல் பிசிஎம் அதில் போகும். ஆனால் டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி, 2009-இல் 1.4 பதிப்போடு வந்தது; அதன் நிலைமை நடைமுறையில் ஆப்டிகலைப் போன்றதே. பல சேனல் பிசிஎம் அந்தப் பாதையில் போக 2017-இல் 2.1 பதிப்பின் இஏஆர்சி வர வேண்டியிருந்தது. டிவியின் முதுகில் இரண்டுக்கும் துளை ஒன்றுதான். எழுத்தில் உள்ள ஓர் ‘இ’யைக் கவனிக்காதவர் பேஸை இழப்பார்.

இங்கே ஒரு குடும்பச் சண்டையையும் தீர்த்துவைக்க வேண்டியிருக்கிறது. வீட்டுப் பெரியவர் நாதஸ்வரக் கச்சேரிப் பதிவைப் போட்டு, பிசிஎம்முக்கும் பிட்ஸ்ட்ரீமுக்கும் மாற்றி மாற்றிக் கேட்டு, ஒரு வித்தியாசமும் இல்லை என்பார். தவிலின் தொப்பியில் கழி விழும் அந்தத் ‘தொம்’ இரண்டிலும் அப்படியே வரும். மகனோ போர்க்களக் காட்சியைப் போட்டுப் பாதி பேஸைக் காணோம் என்பார். இருவரும் சொல்வது சரி. கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் இரண்டு சேனல்தான். தொப்பியின் ஒலி இடம் வலத்திலேயே இருக்கிறது, அதில் தொலைய எல்எஃப்இ கிடையாது. போர்க்களத்தின் கனம் எல்எஃப்இ-யில் இருக்கிறது. கேபிள் டிவியின் சாதாரண ஸ்டீரியோ சேனலை வைத்துச் சோதிப்பதும் இதனாலேயே வீண். சோதனைக்கு 5.1 தடம் உள்ள படம் வேண்டும். 1996-இல் ‘கருப்பு ரோஜா’ படத்துக்கு டிடிஎஸ் ஒலி தனி சிடியில் தியேட்டருக்குப் போய், படச்சுருளோடு பிசகாமல் ஓடியது. இத்தனை ஆண்டு கழித்து, கூடத்தில் நான்கடி கேபிளைத் தாண்டுவதற்குள் வெடி காணாமல் போவது ஒரு தனிச் சாதனை.

ஹெச்டிஎம்ஐயில் ஆறு சேனலும் பிசிஎம்மாகவே வந்து சேர்ந்து, ரிசீவரும் அதை ஒப்புக்கொண்டு, அப்படியும் பேஸ் மெலிந்தால் அடுத்த சந்தேகம் 10 டெசிபல். எல்எஃப்இ தடம் பதிவாகும்போதே 10 டெசிபல் தாழ்த்திப் பதிவாகிறது. ஒலிக்கும்போது அதே அளவு ஏற்றப்பட வேண்டும். பிட்ஸ்ட்ரீமில் ரிசீவரே பிரிப்பதால் ஏற்றமும் அங்கேயே நடந்துவிடும். பிசிஎம்மில் ஏற்ற வேண்டியது தானா எதிர்முனையா என்பதில் பழைய பிளேயர்களும் ரிசீவர்களும் குழம்பின. இவர் செய்திருப்பார் என்று அவர், அவர் செய்வார் என்று இவர். கோப்பு நகர்ந்தது, வேலை நடக்கவில்லை. 10 டெசிபல் என்பது பத்து மடங்கு மின்திறன். அது குறைந்தால் காதுக்கு ஏறத்தாழப் பாதிச் சத்தம். சில ரிசீவர்களில் எல்எஃப்இ அளவு என்று ஓர் அமைப்பு இதற்காகவே இருக்கிறது, நான்கு பட்டியல்களுக்கு உள்ளே.

தலைகீழாகவும் நடக்கும். பிளேயரில் ஸ்பீக்கர் அளவு ‘ஸ்மால்’ என்று வைத்திருந்தால் அது தாழ் ஒலிகளைத் திரட்டி சப் ஊஃபருக்குத் தள்ளும். ரிசீவரும் தன் பங்குக்கு 80 ஹெர்ட்ஸில் வெட்டித் தள்ளும். பிசிஎம்மில் இரண்டு வடிகட்டலும் ஒன்றின்மேல் ஒன்று விழ, வெட்டும் இடத்தில் சில சுரங்கள் பள்ளத்தில் போகும். பிளேயரில் எல்லா ஸ்பீக்கரையும் ‘லார்ஜ்’ என்று வைத்து, வெட்டும் உரிமையை ரிசீவருக்கு மட்டும் கொடுப்பதே வழி. சில ரிசீவர்கள் பிசிஎம்முக்கு ஒரு கேட்பு முறையும் பிட்ஸ்ட்ரீமுக்கு வேறொன்றும் தனித்தனியே நினைவில் வைத்திருக்கும். ஒன்றில் ‘டைரக்ட்’ என்று இருந்தால், பல கருவிகளில் சப் ஊஃபருக்குப் போகும் பங்கே நின்றுவிடும்.

வால்யூம் வேறுபாடு தனிக் கதை. டால்பி டிஜிட்டல் தடத்தில் வசனத்தின் சராசரி அளவைச் சொல்லும் ஒரு குறிப்பு உண்டு. −27 என்று குறித்த தடத்தை டிகோடர் 4 டெசிபல் தாழ்த்தும்; −31 என்றால் கைவைக்காது. ஒரு கருவி இந்தக் குறிப்பை மதித்து இன்னொன்று மதிக்காவிட்டால் ஒட்டுமொத்த ஒலியும் மாறும். ஒலி குறையும்போது காது மற்றதைவிடப் பேஸை அதிகமாக இழக்கிறது. இதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். எனவே இரண்டு அமைப்பையும் ஒப்பிடுமுன் வால்யூமைச் சமன்செய்ய வேண்டும். ஃபோனிலுள்ள டெசிபல் செயலி இதற்குப் போதும். ஆனால் அதை வசனப் பகுதியில் பிடிக்க வேண்டும். வெடியில் பிடித்தால் ஃபோன் மைக் அந்த ஆழத்துக்கு இறங்காது.

இரவு முறை என்று ஒன்றும் ஒளிந்திருக்கும். பேரொலியை அமுக்கிச் சிற்றொலியைத் தூக்கும் ஏற்பாடு. பிளேயரே பிரிக்கும்போது பிளேயரின் இரவு முறை வேலை செய்யும், பிட்ஸ்ட்ரீமில் ரிசீவருடையது. இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் சோதனை.

மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படம் ஓடும்போது ரிசீவரின் சிறு திரையையோ ரிமோட்டின் ‘இன்ஃபோ’ பொத்தானையோ பார்ப்பது. அங்கே டால்பி என்றும் 5.1 என்றும் இருந்தால் எல்எஃப்இ வந்திருக்கிறது. பிசிஎம் 2.0 என்று இருந்தால் அது வழியிலேயே நின்றுவிட்டது. ஊஃபரைக் கழற்ற வேண்டாம்.

மேற்கண்டவற்றைப் பரிசீலித்துக் கீழ்க்காணும் நிவாரணம் வேண்டப்படுகிறது. ஆப்டிகல் அல்லது ஏஆர்சி இணைப்பில் பிசிஎம்மைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘எல்எஃப்இ நீக்கப்படும்’ என்று திரையில் ஒரு வரி வர வேண்டும். ஆட்டோ தான் எடுத்த முடிவைத் தமிழில் அறிவிக்க வேண்டும். அதுவும் முடியாதென்றால், அவுட்புட் பட்டியலைப் பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

நகல்: 1. மெக்கானிக்குக்கு, இனி வரும்போது ஸ்க்ரூ டிரைவருக்கு முன் ரிமோட்டைக் கேட்டு வாங்கும்படி. 2. பக்கத்து வீட்டுக்கு, இம்மனு ஏற்கப்பட்டால் ஏற்படவிருக்கும் ஜன்னல் அதிர்வு குறித்த முன்னறிவிப்பாக.