படியிறங்கு குறியீடு: சென்னையில் கடினமான உடற்பயிற்சி ஸ்டூடியோவைக் கண்டறியும் முறை குறித்த ஓர் ஆய்வு

சென்னையில் வீடு தேடுவோருக்குத் தரகர் உண்டு, வரன் தேடுவோருக்கும் உண்டு. தன்னை முறையாக வதைக்கக்கூடிய உடற்பயிற்சி ஸ்டூடியோவைத் தேடுவோருக்கு மட்டும் இந்நகரில் வழிகாட்ட ஆளில்லை. "சுமாரா இருந்தா வேணாம் சார், ஆளைக் கொல்லணும், அப்படி ஒரு இடம் சொல்லுங்க" என்று ஒருவர் கேட்டால் எந்த முகவரியைத் தருவது? அறிவுலகம் இக்கேள்வியை நெடுங்காலமாகக் கண்டும் காணாமல் விட்டுவந்திருக்கிறது. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வெல்லையை முதலில் வரையறுத்துவிடுவோம். வடக்கே ராயபுரம், மேற்கே அண்ணா நகர், தெற்கே நாவலூர். கிழக்கே வங்காள விரிகுடா. அதற்கப்பால் கிளைகள் இருப்பதாகத் தகவல் இல்லை. மாநகராட்சிப் பூங்காக்களில் நிறுத்தியிருக்கும் இரும்புக் கருவிகள் ஆய்வில் சேரா; அவற்றின் மீது அமர்ந்து பெரியவர்கள் அரசியல் பேசுவது வேறு துறை சார்ந்த நிகழ்வு. ஒரு பக்கம் ஆஞ்சநேயர் படம், மறுபக்கம் அர்னால்டு படம் மாட்டிய பழைய பாணி உடற்பயிற்சிக் கூடங்களையும் விலக்க வேண்டியிருக்கிறது. அங்கே மாஸ்டர் ஒருமுறை சொல்வார்; செய்யாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான் என்று பேப்பரை விரித்துக்கொள்வார். மூலையில் சாய்ந்து கிடக்கும் கர்லாக்கட்டையைப் பார்த்துவிட்டுத்தான் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்பதும், 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே நடந்தது என்பதும், இப்போது அதன் உறவினர் இரும்பில் வார்க்கப்பட்டு ஸ்டூடியோக்களுக்கு வேறு பெயரில் வேறு விலையில் வந்திறங்குகிறார் என்பதும் சுவையான செய்திகள். ஆயினும் நம் பொருளுக்குப் புறம்பானவை.

ஸ்டூடியோ என்று இங்கே சொல்லப்படுவது இது: மருந்துக்கடைக்கோ ஏடிஎம்முக்கோ மேலே, இரண்டாம் மாடியில், கறுப்பு ரப்பர் தரை, சுவரில் சிவப்பு எண்களில் ஓடும் கடிகாரம், காதில் மாட்டிய மைக்குடன் ஒரு டிரெய்னர், பதினைந்து இருபது பேர் கொண்ட பேட்ச், முக்கால் மணி நேரம். பெயரில் பெரும்பாலும் ஒரு போரோ விலங்கோ இருக்கும். பெயரின் கொடூரத்துக்கும் பயிற்சியின் கொடூரத்துக்கும் தொடர்பு ஏதும் புலப்படவில்லை.

கடினத்தை எதைக்கொண்டு அளப்பது? பாமரர் சொல்லும் முதல் விடை, வியர்வை. இதை உடனே தள்ளிவிடலாம். வியர்வை உடம்பைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். கடலோரத்து ஈரக்காற்றில் ஆவியாக வழியின்றி அது சொட்டுகிறது, அவ்வளவே. மே மாதத்தில் ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்து இரண்டு உள்பாவாடையும் ஒரு டஜன் ஹேங்கரும் வாங்கிக்கொண்டு வெளியே வரும் அம்மாளின் வியர்வையோடு எந்த ஸ்டூடியோவும் போட்டியிட முடியாது.

இரண்டாவது விடை, இதயத் துடிப்பு. மார்பில் பட்டை கட்டிக்கொண்டால் நம் பெயருக்கு நேரே திரையில் எண் ஓடுகிறது. சிவப்பு வந்தால் பெருமை. 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்கிற வாய்பாடுதான் இதற்கு அடிப்படை. 1970-களின் தொடக்கத்தில் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் முதலிய ஆய்வாளர்கள், ஏற்கெனவே வெளிவந்த பலரது தரவுகளை ஒன்றாகப் போட்டு, குத்துமதிப்பாக ஒரு கோடு இழுத்ததில் பிறந்தது அது. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு ஏறி இறங்குவது சாதாரணம். நாற்பது வயதுக்காரர் 180 என்று நம்பிப் பெருமைப்படும் சிவப்பு, பக்கத்தில் நிற்பவருக்கு வெறும் ஆரஞ்சாக இருக்கலாம்.

முன்னாய்வுகளைப் பொறுத்தவரை, எல்லா ஸ்டூடியோக்களின் கரும்பலகையிலும் தவறாமல் இடம்பெறும் பெயர் தபாட்டா. ஜப்பானைச் சேர்ந்த இசுமி தபாட்டாவும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் வெளியிட்ட கட்டுரை அது. இருபது விநாடி மிதி, பத்து விநாடி நிறுத்தம், இப்படி ஏழெட்டுச் சுற்று, சைக்கிள் கருவியில். மிதியின் தீவிரமோ, உடல் உச்சமாக ஆக்சிஜனை உள்வாங்கும் நிலைக்குத் தேவையானதைப் போல 170 சதவீதம். செய்தவர்கள் விளையாட்டுத் துறை இளைஞர்கள். ஆறு வாரத்தில் அவர்களுடைய ஆக்சிஜனற்ற ஆற்றல் 28 சதவீதம் கூடியது. நிதானமாக ஒரு மணி நேரம் மிதித்த மற்றொரு குழுவுக்கு அந்த வகையில் முன்னேற்றமில்லை. முதல் குழு மிதித்ததோ மொத்தம் நான்கு நிமிடச் சமாச்சாரம். அதற்குமேல் மிதிக்க அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான் அம்முறையின் சாரமே. நம்மூரில் "ஃபார்ட்டி ஃபைவ் மினிட்ஸ் தபாட்டா" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவரால் அதை நாற்பத்தைந்து நிமிடம் செய்ய முடிகிறதென்றால் அவர் செய்வது தபாட்டா அல்ல என்று தயக்கமின்றி முடிவு கட்டலாம்.

இதேபோலத்தான் பர்ப்பியும். கொலம்பியா பல்கலைக்கழக முனைவர் பட்டத்துக்காக ராயல் ஹடில்ஸ்டன் பர்ப்பி வகுத்த உடற்தகுதிச் சோதனை இது. குனி, காலைப் பின்னால் உதை, இழு, எழு, நான்கே அசைவு. தண்டாலும் இல்லை, குதியும் இல்லை. சில முறை செய்யவைத்து, முன்னும் பின்னும் நாடி பார்ப்பது அவர் திட்டம். பிற்பாடு போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் ஆள் தேர்வுக்கு எடுத்துக்கொண்டது. சோதனையாக வந்ததைப் பயிற்சியாக்கி, பயிற்சியைத் தண்டனையாக்கி, தாமதமாக வந்தவருக்குப் பத்து பர்ப்பி என்று விதித்தது பின்வந்தோர் கைங்கரியம்.

அளவீடுகளில் ஓரளவு மதிக்கத்தக்கது ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல். 6-இல் தொடங்கி 20-இல் முடியும் அந்த விசித்திர எண்வரிசைக்குக் காரணம், எண்ணைப் பத்தால் பெருக்கினால் தோராயமாக இதயத் துடிப்பு கிடைக்கும் என்பது. ஆனால் பிளாங்க்கில் கை நடுங்கிக்கொண்டிருக்கும் மயிலாப்பூர்வாசியிடம் போய் "உங்கள் சிரமம் பதினேழா, பதினெட்டா?" என்று கேட்பது மனிதாபிமானமாகாது. எளிய மாற்று ஒன்று மருத்துவ உலகில் ஏற்கெனவே இருக்கிறது: பேச்சுச் சோதனை. மிதமான முயற்சியில் பேச முடியும், பாட முடியாது. கடும் முயற்சியில் சில சொற்களுக்கு மேல் வராது. இதைத் தமிழ்நாட்டுக்கு ஏற்றவாறு தகவமைத்ததே இவ்வாய்வின் முதல் பங்களிப்பு. பயிற்சி செய்பவர் அழைக்கும் தெய்வத்தின் பெயர் நீளத்தை அளந்தால் போதும். வார்ம்-அப்பில் "திருப்பதி வெங்கடாசலபதி" முழுசாக வரும். இரண்டாம் சுற்றில் "வெங்கடேசா". மூன்றாம் சுற்றில் சமயம் மாறி "முருகா". பிறகு "ம்மா". அதற்கும் அப்பால், உதடு அசையும், ஒலி வராது. அந்நிலையை எட்டவைக்கும் ஸ்டூடியோவைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். பிற மதத்தாரிடையிலும் இதே சுருக்க விதி செயல்படுகிறது. "வேளாங்கண்ணி மாதாவே" என்று தொடங்கியவர் "மாதா"வில் முடித்ததைக் காதால் கேட்டிருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், இசையின் இரைச்சலில் தெய்வப் பெயர் காதில் விழாது. போதாக்குறைக்கு டிரெய்னரின் எண்கணிதம் வேறு எல்லாவற்றையும் குழப்பிவிடுகிறது. ஆறு, ஏழு, எட்டு என்று ஒழுங்காக வரும். எட்டில் யாராவது இடுப்பைத் தொங்கவிட்டால் மறுபடியும் எட்டு. "லாஸ்ட் டூ" என்பதில் குறைந்தது நான்கு அடக்கம். அதன் பிறகு "ஒன் மோர், எனக்காக!" அவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை, கேட்க மூச்சிருக்காது. இலவச டிரையல் கிளாஸும் நம்பத்தகுந்த மாதிரி அல்ல. சேர்த்துவிட வேண்டுமென்று அன்று தடவிக் கொடுப்பவரும் உண்டு. மலைக்கவைக்க வேண்டுமென்று பிழிந்தெடுப்பவரும் உண்டு.

ஆகவே வகுப்பறையைவிட்டு வெளியே வந்து, படிக்கட்டின் அடியில் நிற்பதே முறை என்ற முடிவுக்கு வர நேர்ந்தது.

இதற்குக் கோட்பாட்டு அடிப்படை இருக்கிறது. தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902-இலேயே, உழைத்தவுடன் வரும் களைப்பு வேறு, மறுநாள் தலைகாட்டும் வலி வேறு என்று பிரித்துக் காட்டினார். பின்னதற்குக் காரணம் தசைக்குள் நேரும் கிழிசல் என்றும் கருதினார். அவ்வலி உச்சத்துக்குப் போவது ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள். டிரெய்னர்கள் இதற்கு "லாக்டிக் ஆசிட்" என்று காரணம் சொல்வார்கள். திங்கட்கிழமை ஊறிய லாக்டிக் அமிலம் திங்கட்கிழமை காலை டிபனுக்குள்ளேயே கரைந்துவிடும், புதன்கிழமை வலிக்கு அதைப் பழிசொல்வது அநியாயம். இன்னொன்று: தசை சுருங்கும்போது ஏற்படுவதைவிட, பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போதுதான் சேதம் அதிகம். மாடிப்படி ஏறும்போது தொடை சுருங்குகிறது. இறங்கும்போது தாங்கிக்கொண்டே நீள்கிறது. எனவே நொந்த தொடை தன்னைக் காட்டிக்கொடுப்பது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான். திங்களன்று ஆடியவரைப் புதன்கிழமை காலை, படியிறங்கும்போது பார்க்க வேண்டும்.

பார்த்ததை, படியிறங்கு குறியீடு என்ற பெயரில், அப்படியே பதிவுசெய்கிறேன். நேராக இறங்குபவர்: ஸ்டூடியோ பயனில்லை. கைப்பிடியைத் தொட்டபடி இறங்குபவர்: பரவாயில்லை. கைப்பிடிச் சுவரை இரு கையாலும் பற்றி, நண்டுபோலப் பக்கவாட்டில், ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குபவர்: விசாரித்துச் சேரலாம். பின்பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்கிய ஒருவரும் உண்டு. அவர் எந்த ஸ்டூடியோவிலிருந்து வந்தார் என்பதை மற்றவர்களின் நலன் கருதி இங்கே வெளியிடவில்லை. இந்திய முறைக் கழிப்பறை இதைவிட நுட்பமான கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே கள ஆய்வு செய்ய அனுமதி கிடைப்பது கடினம்.

படிக்கட்டின் அடியில் இளநீர் வண்டி இருந்தால் ஆய்வாளர் பாக்கியசாலி. எனக்கு வாய்த்த இளநீர்க்காரர் அரிவாளைத் துடைத்தபடி சொன்னார்: "மேல இருக்காங்களே சார், அவங்க கால் பேட்ச்சு. எதிர்த்தாப்புல கை பேட்ச்சு." எப்படித் தெரியும் அண்ணே என்றேன். "கை பேட்ச்சுக்காரங்க காயைத் தூக்க மாட்டாங்க. வண்டி மேலயே வெச்சுட்டுக் குனிஞ்சு குடிப்பாங்க." தமிழ்நாட்டில் 2019-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்து உறிஞ்சுகுழல் அரிதான பின்னரே இக்கண்டுபிடிப்பு சாத்தியமாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. அரசாணை ஒன்று உடலியல் துறைக்கு இவ்வளவு உதவியிருப்பது அபூர்வம்.

இனி, இவ்வாய்வின் சங்கடமான பகுதி. அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் வலி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தசை ஒரே தடவையில் பாடம் படித்துக்கொள்கிறது. துறையில் நன்கு நிறுவப்பட்ட செய்தி இது. ஆகவே ஒரு ஸ்டூடியோ கடினமானது என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரே வழி, எதையும் இரண்டாம் தடவை செய்யவிடாமல் இருப்பது. இன்று லஞ்சஸ், நாளை கெட்டில்பெல், மறுநாள் கயிறடி, அதற்கு மறுநாள் கரடி நடை. இதைத்தான் பலகையில் "சர்ப்ரைஸ் ஒர்க்அவுட்" என்று எழுதுகிறார்கள். நாம் வலுவடைகிறோமா என்பது தனிக்கேள்வி. தசை மட்டும் தினமும் முதல் வகுப்பில் உட்காரவைக்கப்படுகிறது. படியிறங்கு குறியீடு அளப்பது ஸ்டூடியோவின் தரத்தை அல்ல, அதன் மறதியை என்று எதிர்வாதம் வைப்போருக்கு என்னிடம் பதிலில்லை.

இங்கே நையாண்டியை ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்கிறேன். வலி வழக்கத்துக்கு மிஞ்சி, தசை வீங்கி, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அது பெருமையோடு பதிவிட வேண்டிய விஷயமல்ல. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். ஆட்டோ பிடித்து நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதிதாய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வீரம் காட்டுபவர்களுக்கு இது நேர்வதுண்டு.

எஞ்சியிருப்பது தகவலாளர் பிரச்சினை. ஸ்டூடியோவுக்கு ஒழுங்காக வருபவரிடம் கேட்டால், "கஷ்டமெல்லாம் ஒண்ணும் இல்ல ப்ரோ, பழகிடும்" என்பார். அவர் தசை பாடம் படித்துவிட்டது. அவர் சாட்சி செல்லாது. சரியான சாட்சி எங்கே இருக்கிறார் என்பதற்குப் பொருளியல் துறையில் ஒரு துப்பு கிடைக்கிறது. 2006-இல் வெளியான ஆய்வொன்றுக்காக டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இருவர் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் கணக்கைப் புரட்டினார்கள். மாதச் சந்தா 70 டாலருக்குமேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக நான்கு முறைக்குச் சற்று அதிகமாக வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்குமேல் ஆகியிருந்தது. பத்து வருகைக்கான பாஸ் வாங்கியிருந்தால் ஒன்றுக்குப் பத்து டாலரோடு முடிந்திருக்கும். ஜனவரி ஆஃபரில் வருடச் சந்தா கட்டும் நம்மவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

அப்படிக் கட்டிவிட்டு, முதல் வாரத்தோடு நின்றுவிட்டவரே நமக்கு வேண்டியவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த முதல் வலி மட்டும். பழக்கத்தால் மழுங்காத, தூய்மையான வலி. ஸ்டூடியோவின் பெயரைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். "ஐயையோ, அதுவா? மனுஷன் போற இடமா அது!" என்று தொடங்கி பார்க்கிங் வசதி, டிரெய்னர் குணம், எந்தக் கிழமை எந்த உறுப்பு என்பதுவரை ஒன்றுவிடாமல் சொல்வார். ஊரில் எந்த ஸ்டூடியோ கடினம் என்ற செய்தியைப் பரப்பி, சேர ஆள் அனுப்பிக்கொண்டிருப்பவரும் அவரே. அவரைப் படிக்கட்டில் தேடிப் பயனில்லை. லிஃப்டில் பார்க்கலாம்.