மச்சானுக்கு இ-பாஸ்

கேள்வி: மதுரையிலிருக்கும் என் மச்சான், "இ-பாஸ் கிடைக்கலை மாப்ளே" என்று கொடைக்கானல் அருகே செண்பகனூர் வராமலே தட்டிக்கழிக்கிறாரே?

பதில்: உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை தினசரி உச்சவரம்பும் இருந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், சனி, ஞாயிறில் 6,000. முன்பு மலையேறுமுன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். இப்போது போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறார்கள். வண்டிகளின் எண்ணிக்கையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். வெள்ளி நீர்வீழ்ச்சி எதிரே நடுரோட்டில் செல்ஃபி எடுப்பவரை நகர்த்த மட்டும் போலீஸ் விசில்தான் வேண்டும்!

நிற்க, அரசுப் பேருந்தில் வர இ-பாஸே தேவையில்லை. இதை மச்சானிடம் சொல்லிவிடாதீர்கள், குடும்பத்தோடு கிளம்பிவிடப்போகிறார்.