மீனுக்கு ஃபிளாஷ்

கேள்வி: அந்தமானில் ஸ்கூபா டைவிங் போய்ப் படம் எடுத்தால் எல்லா மீனும் நீலமாகவே விழுகிறது. எந்த ஸ்ட்ரோப் விளக்கு வாங்கலாம்?

பதில்: மீன் மேல் பழி போடாதீர்கள். சிவப்பு நிறத்தைக் கடல் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடுகிறது. அதை மீட்கத்தான் ஸ்ட்ரோப். வாங்கப் போனால் கடைக்காரர் கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) சொல்லி மயக்குவார். காற்றில் அளந்த கணக்கென்றால், தண்ணீருக்குள் அது பாதிகூடத் தேறாது! பெரிய ஸ்ட்ரோப்பும் ஒன்றரை மீட்டரில் சோர்ந்துவிடும். ஆகவே ஒளி விரியும் அகலத்தைப் பாருங்கள். வைடு லென்ஸுக்கு 100 டிகிரியாவது வேண்டும். அடுத்த ஃபிளாஷுக்கு எத்தனை நொடி என்றும் கேளுங்கள். மீன் என்ன, கல்யாண ஆல்பத்துக்கா நிற்கிறது? விளக்கைக் கேமராவிலிருந்து தள்ளிப் பிடிக்க நீளமான தாங்கு கை அவசியம். லென்ஸை ஒட்டியே விளக்கு இருந்தால் மிதக்கும் தூசெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக முன்னால் வந்து போஸ் கொடுக்கும். காசு இருந்தால் இரண்டு வாங்குங்கள். இல்லையா, ஒன்றே போதும், மீனை நெருங்கிப் போங்கள்.