உராய்வைக் கைது செய்யுங்கள்

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் எந்தப் பட்டாசு ஆலை வெடித்தாலும் மறுநாள் செய்தியில் குற்றவாளி பெரும்பாலும் ஒருவர்தான்: "மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு..." 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. ஊர் மாறும், தேதி மாறும், பிண எண்ணிக்கை மாறும். ஆலைக்காரர் தலைமறைவு, போர்மேன் கைது, உரிமம் தற்காலிக ரத்து. திருவாளர் உராய்வு மட்டும் முன்ஜாமீன்கூடக் கேட்காமல் அடுத்த ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்துவிடுவார்.

அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. பெயர் நிலை மின்சாரம். கரிசல் காட்டுக் கோடையில் அவருக்கு ராஜ வாழ்க்கை. காற்றில் ஈரம் இருந்தால், கம்பளத்தில் நடக்கிற ஆள்மேல் ஆயிரத்து ஐந்நூறு வோல்ட் அளவுக்கு ஏறும். காற்று காய்ந்து கிடந்தால் அதே நடை 35,000 வோல்ட் வரைக்கும் ஏற்றிவிடும். இரும்புக் கதவைத் தொட்டதும் சுருக்கென்று கடிக்கிறதே, அது அவர்தான். நமக்கு அது ஒரு கடி. அலுமினியப் பொடியும் கந்தகமும் கலந்து வைத்த தட்டுக்கு அது தீக்குச்சி.

இந்த ஆளை அடக்க வழி தெரியாத நாடா இது? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் பூட்டுகிற ஆலைகளின் தரையைப் பாருங்கள். வீட்டில் போடுகிற சாதா டைல்ஸ் அல்ல. மின்சாரத்தை மெல்லக் கடத்திவிடுகிற டைல்ஸ். அதற்கடியில் மின்சாரம் கடத்தும் பசை, பசைக்குள் செம்புப் பட்டை, பட்டையிலிருந்து எர்த்துக்குக் கம்பி. வேலைக்கு வருகிற பெண் குதிகாலில் ஒரு பட்டையும் மணிக்கட்டில் ஒரு பட்டையும் மாட்டிக்கொண்டு, தகட்டின்மேல் ஏறி நின்று, பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே போகலாம். அவள் உடம்பில் 100 வோல்ட்டுக்கு மேல் தங்கக் கூடாது என்று சர்வதேசத் தரவிதி இருக்கிறது. அவள் தாங்கமாட்டாள் என்பதற்காக அல்ல, சிப்பு தாங்காது. மணிக்கட்டுக் கம்பியில் ஒரு மெகாஓம் மின்தடை வைத்திருப்பார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும், அது ஒன்று அந்தப் பெண்ணுக்காக. மற்றதெல்லாம் சிப்புக்கு.

இனி பட்டாசு ஆலையின் மருந்து அறைக்கு வாருங்கள். வாசலில் எர்த்தோடு இணைத்த செம்புத் தகடு இருக்க வேண்டும். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பருத்தித் துணி, வெறுங்கால், ஓர் அறைக்கு நாலு பேர். பாடம் பிரமாதமாக இருக்கிறது. உள்குத்தகைக்குப் போன ஷெட்டில் என்ன நடக்கும்? கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய சாதா ரப்பர் ஷீட்டை விரித்துவிடுவார்கள். சாதா ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும். உடம்பில் ஏறியது இறங்க வழியே இல்லாமல் பூட்டிவைக்கும். பாதுகாப்புக்கு விரித்த விரிப்பே எமனுக்குப் பாய் போடுகிறது. வெளியே எர்த் குழி. அதில் கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரிசல் மண் நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும். சித்திரை வெயிலில் கை நுழைகிற அளவுக்குப் பிளந்து, குழாயை விட்டு மண் விலகி நிற்கும். கம்பி இருக்கும், குழாய் இருக்கும், எர்த் இருக்காது. குடிக்கத் தண்ணீருக்கே குடத்தோடு அலைகிற காட்டில் குழாய்க்கு யார் ஊற்றுவார்? ஆய்வுக்கு அதிகாரி வருகிற நாளில் ஊற்றுவார்கள்.

சிப்பைக் காத்த பெண்ணுக்காவது நல்ல தரை கிடைத்ததா என்றால், அதுவும் தகராறு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் அமெரிக்கக் கம்பெனிக்குச் செல்போன் பூட்டுகிற ஃபாக்ஸ்கான் ஆலையின் 250-க்கும் மேற்பட்ட தொழிலாளிகள் நோயில் விழுந்து, பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் சங்கதி வெளியே வந்தது. ஓர் அறையில் ஆறு முதல் முப்பது பேர், தரையில் படுக்கை என்று அவர்களே ராய்ட்டர்ஸிடம் சொன்னார்கள். பகலில் குதிகாலுக்கும் மணிக்கட்டுக்கும் மட்டும் எர்த், ராத்திரியில் உடம்பு முழுக்க எர்த். சாலையை மறித்த பிறகு, 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேருக்கு 706 கோடி ரூபாயில் அரசே விடுதி திறந்தது. பட்டாசுக்காரி எந்தச் சாலையில் உட்கார்வாள்? உட்கார்ந்தால் எந்த அமெரிக்கக் கம்பெனி வெட்கப்படும்?

அவளுக்கு நிவாரணம் இருக்கிறது. 2021-ல் செத்தால் மாநில அரசு 3 லட்சம் தந்தது. 2025-ல் 4 லட்சம். நாலு வருஷத்தில் ஒரு லட்சம் உயர்வு. உயிரோடு கூலி வாங்குகிறவர்கள் கனவிலும் காணாத இன்கிரிமென்ட்.

ஆகவே அரசுக்கு ஒரு விண்ணப்பம். பட்டாசுத் தொழிலாளிகளை மின்னணு உதிரிபாகங்கள் என்று அரசாணை போட்டு அறிவித்துவிடுங்கள். காற்றில் ஈரம் குறைந்தால் மணி அடிக்கும். தரைக்குத் தினமும் சோதனை நடக்கும், நோட்டில் கையெழுத்து விழும். மினி வேனில் புளிமூட்டையாக அடைத்துக் கொண்டுபோகிறவர்கள், ஆளுக்கொரு வெள்ளிப் பையில் போட்டு, கவனமாகக் கையாளவும் என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். ஒன்று உடைந்தால் எந்த லைனில், எந்த ஷிப்டில், யார் கையில் உடைந்தது என்று ஏழு கூட்டம் போட்டு விசாரிப்பார்கள்.

சித்திரைக் கடைசியில் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்குத் தலைவர்கள் கார் கார்களாக வருவார்கள். முயல் நாயை விரட்டிய மண் என்று மைக்கில் முழங்குவார்கள். செங்கமலப்பட்டி வெடித்ததும் ஒரு சித்திரையில்தான். ஐயா தலைவர்களே, அந்த மண் வீரம் தரட்டும். எர்த் தருகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். மாலையோடு ஒரு எர்த் டெஸ்டரும் வண்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள், விலை ஒரு பொன்னாடைக் கட்டுக்கு மேல் போய்விடாது. திரும்பும்போது சாத்தூர்ப் பக்கமும் ஒரு எட்டு போய்வாருங்கள். ஏதாவது ஒரு மருந்து அறை வாசலில் இறங்கி, செம்புத் தகட்டுக் கம்பியைப் பிடித்து இழுங்கள். கையோடு வந்துவிட்டால், அந்த அறை சரியாக இருக்கிறது என்று கடைசியாகக் கையெழுத்துப் போட்ட அதிகாரி யார் என்று கேட்டு, பெயரை அதே மைக்கில் படியுங்கள்.