எட்டாவது வள்ளலுக்கு ஒரு விண்ணப்பம்

கருணைக்கடலான வரிக்கணக்குக் கம்பெனியார் சமூகத்துக்கு,

என் ரீஃபண்ட் நேற்று வந்து சேர்ந்தது. நன்றி சொல்லாமல் இருப்பது தமிழ்ப் பண்பாகாது. பாரி முதல் ஓரி வரை ஏழு வள்ளல்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். எட்டாவது வள்ளல் நியூஜெர்சியின் எடிசன் நகரில் ஓக் ட்ரீ சாலைப் பக்கம் கடை போட்டிருப்பதை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

‘ரீஃபண்ட் வரும்வரை காத்திருப்பானேன்?’ என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தீர்கள். சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வகையில் அரசாங்கம் எனக்குத் தரவேண்டியது 3,100 டாலர். காரின் கியர்பாக்ஸ் போய்விட்டதால் அதில் 1,000 டாலரை முன்பணமாகக் கேட்டேன். தங்கள் ஊழியர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடன் கிடையாது என்று கடைசி நாற்காலிவரை கேட்கும்படி அறிவித்தார். எனக்கு நேர் பின்னால் எங்கள் தமிழ்ச் சங்கப் பொருளாளர். பொங்கல் விழாவுக்கு என்னிடம் நன்கொடை ரசீதை நீட்டியவர். “அவசரம்னா கூச்சப்படாம கேளுங்க தம்பி” என்றார் மெல்ல. அந்தப் பரிவுக்குத் தாங்கள் தனிக்கட்டணம் போடாததை இன்றும் வியக்கிறேன்.

என் பணத்தை எனக்கே கடனாகத் தரலாமா என்று தங்கள் வங்கி யோசித்து, ஆள் சரியில்லை என்று முடிவுகட்டியிருக்கிறது. பாரி தேரைக் கொடுக்குமுன் முல்லையின் கிரெடிட் ஸ்கோரைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவன் கொடுத்ததாவது அவனுடைய தேர். இங்கே தேரும் முல்லையுடையதுதான்.

வந்த இரவலனை வெறுங்கையோடு அனுப்ப வள்ளலுக்கு மனம் வருமா? கணக்குப் போட்ட கூலி 250 டாலரை இப்போது கட்ட வேண்டாம், ரீஃபண்டிலேயே பிடித்துக்கொள்கிறோம் என்றீர்கள். அப்படிப் பிடித்துக்கொள்ளும் சிரமத்துக்கு 40 டாலர். 250 டாலரை மூன்று வாரம் தள்ளிக் கட்ட 40 டாலர் என்றால், ஆண்டுக்குச் சுமார் 278 சதவீதம். எங்கள் ஊரில் இதற்குக் கந்துவட்டி என்று பெயர். 2003-இல் தடைச் சட்டமே போட்டார்கள். (சட்டம் போட்டார்கள் என்றுதான் சொன்னேன்.)

சரி, பணமாவது சீக்கிரம் வந்ததா? ஆன்லைனில் தாக்கல் செய்து சொந்த வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தால், அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் பெரும்பாலோருக்கு 21 நாளுக்குள் அனுப்பிவிடுகிறது. தங்கள் வழியாக வந்தாலும் அதே 21 நாள்தான். நடுவில் தங்களுடைய தற்காலிகக் கணக்கில் இறங்கி, மொய் எழுதிவிட்டு, 2,810 டாலராக இளைத்து வருகிறது. ஐந்து நாள் முன்னதாக வேண்டுமென்றால் இன்னொரு 25 டாலர். மயிலுக்குப் போர்வை தந்த பேகன், குளிருக்கு ஐந்து நாள் முன்பே வேண்டுமா என்று கேட்டு விலை வைத்திருந்தால், அவனும் இன்று பங்குச்சந்தையில் இருப்பான்.

எனக்காவது போனது கியர்பாக்ஸ். குறைந்த சம்பளக்காரர்களுக்கான வரிச்சலுகையோ பிள்ளைகளுக்கான கூடுதல் சலுகையோ கேட்டவர்களின் ரீஃபண்டை, 2015-இல் வந்த சட்டப்படி, பிப்ரவரி நடுப்பகுதிவரை ஐஆர்எஸ் விடுவிக்கக்கூடாது. பொய்க்கணக்கைப் பிடிப்பதற்கான அவகாசம் அது. வாடகை அதுவரை காத்திருக்காது என்று தெரிந்து, சரியாக அந்த இடைவெளியில் கடை விரிக்கிறீர்கள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துப் பிள்ளை வளர்க்கும் பெண்ணிடம் 40, 25 என்று உருவுகிறீர்கள். அரசே நடத்திய டைரக்ட் ஃபைல் என்ற இலவச வழி 2024-இல் 12 மாநிலங்களில் தொடங்கி, மறு ஆண்டு நியூஜெர்சி உட்பட 25 மாநிலங்களுக்கு வந்தது. 2026-க்கு அதை இழுத்து மூடிவிட்டார்கள். அது வரவே கூடாது என்று வாஷிங்டனில் காசை இறைத்தது உங்கள் தொழில்தானே? வெட்கமாக இல்லை?

மன்னிக்கவும். இரவலன் குரலை உயர்த்தலாகாது. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி தந்தபோது கொட்டையைக் கூலியாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்பது அவனுடைய வியாபார அறியாமை. அதற்குத் தங்களை நான் குறை சொல்ல முடியுமா?

ஒரே ஒரு விண்ணப்பம். அந்த 40 டாலரைத் திருப்பித் தந்தருள வேண்டும். தங்கள் ப்ரீபெய்ட் கார்டில் ஏற்றிவிட வேண்டாம். ஏடிஎம்மில் எடுக்கப் போனால் அதற்கும் ஏதாவது பிடிப்பீர்கள். செக்காக அனுப்புங்கள், தபால்தலைச் செலவு என்னுடையது. 21 நாள் எடுத்துக்கொள்ளலாம், எனக்கு அவசரமில்லை. 45 நாளுக்கு மேல் இழுத்தால் மட்டும் வட்டி கேட்பேன். ரீஃபண்ட் தாமதித்தால் ஐஆர்எஸ்ஸே அப்படித்தான் தருகிறது. எத்தனை சதவீதம் என்று நான் சொல்லத் தேவையில்லை. 278 தங்களுக்குப் பழகிய எண்தான்.

இப்படிக்கு,
தங்கள் கடனுக்குத் தகுதியற்றவன்