நார்மல்காரர்

புதுக்கோட்டை புது பஸ் ஸ்டாண்டில், விடிந்தும் விடியாமலும் கிளம்பும் திருச்சி வண்டியில் ஜன்னலோரமாக அவர் உட்கார்ந்திருப்பார். மடியில் மடங்காத எக்ஸ்ரே உறை. காலுக்கிடையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் போன வருஷத்து ரிப்போர்ட்டுகள். இடது கை விலாவை விட்டு இறங்காது. வெறும் வயிற்றில் வரச் சொன்னதால் டீ குடிக்கவில்லை, அந்தக் கடுப்பும் முகத்தில் இருக்கும். "எங்கண்ணே வெள்ளனக் கெளம்பிட்டீக?" என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் கதை முடிந்தது. கீரனூர் வரைக்கும் நெஞ்செரிச்சல், கீரனூருக்கு அப்புறம் விலா.

ஊருக்கு இப்படி ஒருத்தராவது இருக்கிறார். மார்பை ஒட்டி இடது விலாவில் குத்துகிறது. இருமினால் உயிர் போகிறது. ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் எதுக்களிக்கிறது. என்ன வியாதி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்தில் விலா வலிக்கிறது என்றால் முதல் கேள்வி, "எந்த வாடியில?" என்பதுதான். பொங்கல் வருவதற்குள்ளேயே தச்சங்குறிச்சியில் காளைகளை அவிழ்த்துவிடுகிற ஊர்க்காரர்கள் நாங்கள். மாடு முட்டியிருந்தால் அது ஒரு கௌரவம். சட்டையைத் தூக்கிக் காட்டலாம். இவரை எதுவுமே முட்டவில்லை. அந்த வருத்தம் வலியைவிடப் பெரிசு.

சொந்தக்காரர்கள் யாருக்கும் சந்தேகமே கிடையாது. "வாயுடா, பூண்டைச் சுட்டுத் தின்னு" என்கிறது அப்பத்தா. மூச்சுப்பிடிப்பு, தவிட்டு ஒத்தடம் கொடு என்கிறார் சித்தப்பா. தொக்கம் எடுக்கச் சொல்கிறார் சம்பந்தி. எல்லாவற்றையும் செய்துபார்த்தார். பூண்டு தின்றதில் ஏப்பத்துக்கு வாசனை வந்ததுதான் மிச்சம்.

ஓடிப்போய் ஈசிஜி எடுத்ததற்காக மட்டும் அவரைக் கிண்டல் செய்ய மாட்டேன். இதயமும் உணவுக்குழாயும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புப் பாதையும் ஏறக்குறைய ஒன்றே. வெறும் கரிப்பா, மாரடைப்பா என்று டாக்டராலேயே பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. கேஸ்தான் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்து, காலையில் எழுந்திருக்காதவர்கள் நம்மூரில் உண்டு.

ஈசிஜி நார்மல். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர் லேசாக வாடிப்போனார். எக்கோ நார்மல், ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல். பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984-ல் ஒரு கிருமியைத் தானே குடித்துப் பார்த்து, வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் அதுதான் என்று காட்டப் போய், 2005-ல் நோபல் பரிசு வாங்கினாராம். தங்கச்சி மகன் சொன்னதைக் கேட்டு, அந்தக் கிருமியாவது நமக்கு இருக்கும் என்று நம்பினார். அதுவும் இல்லை. எண்டோஸ்கோப்பியில் மட்டும் உணவுக்குழாயின் அடியில் 'லேசான சிவப்பு' என்று எழுதியிருந்தது. இரைப்பையின் அமிலம் மேலே வராமல் தடுக்கும் சுருக்குத்தசை அவருக்குக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இரைப்பைக்கு இருக்கிற காப்பு உணவுக்குழாய்க்கு இல்லாததால் எரிகிறது. அந்த எண்டோஸ்கோப்பிக் கலர் படத்தை பர்ஸில் மகள் போட்டோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கல்யாணப் பந்தியில் ரசம் வரும் நேரமாகப் பார்த்து எடுத்து நீட்டுவார்.

வீட்டில் மரியாதை ரிப்போர்ட்டுக்கு ரிப்போர்ட் இறங்கியது. முதல் தடவை சம்சாரம் பிளாஸ்க்கும் கையுமாகக் கூடவே போனார். இப்போது, "போறதுதான் போறீக, வரும்போது அப்படியே மாவு அரைச்சுக்கிட்டு வந்துருங்க" என்று தூக்குச்சட்டியை நீட்டுகிறார். நார்மலாக இருக்கிற மனுஷனுக்கு அதற்கு மேல் என்ன உபசாரம்?

கட்டிலின் தலைமாட்டை அரையடி உயர்த்தச் சொன்னார்கள். செங்கல் வைத்தார். நடுராத்திரிக்குள் கால்மாட்டுக்குச் சறுக்கி வந்து, காலையில் பார்த்தால் கட்டிலில் பாதி ஆள், தரையில் பாதி ஆள். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளில் சமண முனிவர்களுக்குத் தலைமாட்டை மேடாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே இது இருந்திருக்கிறது பாருங்கள் என்பது இவருடைய ஆராய்ச்சி. அங்கே உண்ணாமல் உயிர் துறந்தவர்களுக்கு எதுக்களிப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை.

ஆடி வந்தால்தான் உண்மையான சோதனை. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் மொய் விருந்து. நமக்கு எழுதியவருக்குத் திரும்ப எழுதியே ஆக வேண்டும், போகாமல் இருக்க முடியாது. "மொய்யை மட்டும் எழுதிட்டு வந்துர்றேன்" என்று வீட்டில் சத்தியம் செய்துவிட்டுத்தான் கிளம்புவார். விருந்து வைத்தவர் விடுவாரா? "என்ன மாமா, நம்ம வீட்டுச் சோறு எறங்காதோ?" என்று கையைப் பிடித்து இழுத்து இலை முன்னால் உட்கார்த்திவிடுவார். கறிக்குழம்பு வரும். ஒரு கரண்டி போதும் என்பார். அது அடுத்த கரண்டிக்கான அழைப்பு என்பது பரிமாறுகிறவருக்குத் தெரியும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். அவருக்கு அது எலும்பைக் கடிக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

பக்கத்திலேயே முள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2017-ல் வந்தது. இவர் தாண்டிப்போய் திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்றே அலைந்தார். காசு வாங்காத இடத்தில் வியாதியைக் கண்டுபிடித்துவிடுவார்களா என்ற சந்தேகம்தான். கடைசியில் எங்கோ ஓரிடத்தில், மீசை சரியாக முளைக்காத ஒரு டாக்டர் பையைத் திறக்கவே விடவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் இடத்தில் கட்டை விரலால் ஒரு அமுக்கு. "ஆத்தாடி!" என்று இவர் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். வலியில் பாதி, பரவசத்தில் பாதி. இத்தனை நாளில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிய ஒரே ஆள்!

காஸ்டோகாண்ட்ரைட்டிஸ். விலாக் குருத்தெலும்பில் அழற்சி. எக்ஸ்ரேயில் தெரியாது, ரத்தத்தில் தெரியாது, அமுக்கினால் தெரியும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக அடங்கிவிடும். இவருக்கு முகம் விழுந்துவிட்டது. "தானாவா? ஒரு ஸ்கேன்கூட வேணாமா சார்?"

சிக்கல் அதோடு முடியவில்லை. விலாவுக்கு வலி மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. மாத்திரையை நிறுத்தினால் விலா குத்துகிறது. ராத்திரி அமிலம் மேலேறினால் இருமல், இருமினால் மறுபடி விலா. ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடு. மெடிக்கல் ஷாப் பையன் இவர் தலையைக் கண்டதுமே, "ரெண்டுக்கும் சேத்துத்தானேண்ணே?" என்று அட்டைகளை எடுத்து வைத்துவிடுகிறான்.

ஆனாலும் ஆள் இப்போது தெம்பாகத்தான் இருக்கிறார். வாய் நிறையச் சொல்ல ஒரு பேர் கிடைத்துவிட்டதே! டீக்கடையில் யாராவது நெஞ்சைத் தடவினால் போதும், எழுந்துபோய்க் கட்டை விரலை வைத்து அமுக்குகிறார். போன வாரம் ஒருத்தர் நெளிந்தபடி, "அண்ணே, அது செல்போனு" என்றார்.

நேற்று அதே கடையில் பொன்னமராவதிக்காரர் ஒருவர், தனக்கு ஹையாட்டஸ் ஹெர்னியா என்று சொல்லிவிட்டார்கள், இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்துக்கு மேலேயே ஏறிவிட்டதாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடையே வாயைப் பிளந்து கேட்டது. நம்மவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் விசாரித்தார்:

"எந்த டாக்டரு கண்டுபிடிச்சாக? நம்பர் இருக்கா?"